அம்மா ஊற்றும் கூழ், அப்பாவுக்கு வைக்கும் கொள்ளி: விசுவாசம் வீட்டு வாசலுக்கு வரும்போது

(வாசகர் கேள்விக்குக் குடும்ப நல ஆலோசகரின் பதில். அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

அரூர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, ஓசூர் சிப்காட்டில் சி.என்.சி. ஆபரேட்டராக வேலை பார்க்கும் 32 வயது வாசகர் எழுதியிருக்கிறார். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஞானஸ்நானம் பெற்றவர். மனைவி கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். இப்போது போகும் சபையிலேயே வளர்ந்தவர். மூன்று வயதில் ஒரு மகள். கடந்த ஓராண்டாக யூடியூபில் உபதேசச் செய்திகளைத் தொடர்ந்து கேட்டதில், "எல்லாவற்றையும் தேவனுடைய மகிமைக்கென்று செய்யுங்கள்" என்ற வசனம் தன்னை உலுக்கிவிட்டது என்கிறார்.

அதன்பின் நடந்தவை இவை. ஆடி மாதம் ஊருக்குப் போனபோது, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு வந்த அம்மா இவருக்கென்று ஒரு சொம்பில் எடுத்து வைத்திருந்தார். இவர் வாங்க மறுத்து, காரணத்தை உறவினர்கள் முன்னாலேயே வசனத்தோடு விளக்கினார். அம்மா அன்று முழுவதும் சாப்பிடவில்லை. ஆயுத பூஜைக்கு லீவு சொல்லாமலே வேலைக்குப் போகவில்லை, மெமோ வந்தது. சுழற்சியில் ஞாயிறு ஷிப்ட் வருவதால் வேலையையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறார். அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து வாரம் இரண்டு முறை தருமபுரியில் டயாலிசிஸ், தம்பிதான் கூட்டிப்போகிறார். "மூத்த பிள்ளை நீ, நாளைக்குக் கொள்ளி வைப்பியா மாட்டியா?" என்று பெரியப்பா கேட்டதற்கு, "மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்" என்று பதில் சொல்லியிருக்கிறார். இப்போது தம்பி வீட்டார், மதம் மாறினவனுக்கு நிலத்தில் பங்கில்லை, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்கிறார்கள். சபையிலும் நிம்மதியில்லை. போதகரின் பிரசங்கம் ஆழமில்லாதது என்று வாட்ஸ்அப் குழுவிலேயே எழுதிவிட்டார். "நான் தேவனுடைய மகிமையைத்தானே நாடுகிறேன். எல்லாரும் ஏன் விலகுகிறார்கள்? இதுதான் சிலுவை சுமப்பதா?" என்று கடிதத்தை முடிக்கிறார்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் வசனங்கள் நிறைய. அம்மா பேசிய ஒரு வார்த்தைகூட இல்லை. மனைவி சொன்னது ஒன்றே ஒன்று இருக்கிறது, அதையும் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள்: "நீங்க மாறினதிலிருந்து வீட்ல சிரிப்பே இல்ல." ஆலோசனைக்கு வருகிறவர்களின் பேச்சில் நான் முதலில் தேடுவது இப்படி ஓரத்தில் ஒதுங்கி நிற்கிற வாக்கியத்தைத்தான்.

உங்கள் வைராக்கியத்தை நான் குறை சொல்ல வரவில்லை. ஆறு வருடம் கிறிஸ்தவனாக இருந்தும் விசுவாசம் ஞாயிறு காலையோடு முடிந்துவிடுகிறதே என்று ஒருவன் தவிப்பது நல்ல தவிப்பு. நீங்கள் கேட்கிற போதகர்கள் அடிக்கடி சொல்லும் வெஸ்ட்மின்ஸ்டர் சிறிய வினாவிடை 1647இல் முடிக்கப்பட்டது. மனிதனுடைய பிரதான நோக்கம் என்ன என்பது அதன் முதல் கேள்வி. தேவனை மகிமைப்படுத்துவதும் என்றென்றும் அவரில் களிகூருவதும் என்பது பதில். முதல் பாதியை நீங்கள் இறுகப் பிடித்துக்கொண்டீர்கள். இரண்டாம் பாதி எங்கே போயிற்று என்றுதான் உங்கள் மனைவி கேட்கிறார்.

இது சிலுவையா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். கொஞ்சம் சிலுவை, மீதி நீங்களே இழுத்துக்கொண்டது. கிறிஸ்துவினிமித்தம் பாடுபடுவதைப் பற்றி எழுதும் பேதுரு, எதற்காகப் பாடுபடக்கூடாது என்றும் ஒரு பட்டியல் தருகிறார் (1 பேதுரு 4:15). கொலைபாதகன், திருடன், பொல்லாங்கு செய்தவன் என்று போகும் அந்தப் பட்டியலின் கடைசி ஆள் "அந்நிய காரியங்களில் தலையிட்டுக்கொண்டவன்". வாட்ஸ்அப் குழுவில் வாங்கிக் கட்டிக்கொண்டதையெல்லாம் அந்தக் கடைசிக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

சொம்பில் இருந்த கூழ்

நீங்கள் உலுக்கப்பட்ட 1 கொரிந்தியர் 10:31, எட்டாம் அதிகாரத்தில் தொடங்கிய ஒரு சாப்பாட்டுத் தகராறுக்கு, கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில் அப்போஸ்தலன் பவுல் சொல்லும் முடிவு. "நீங்கள் புசித்தாலும், குடித்தாலும்" என்று அது ஆரம்பிப்பதே அதனால்தான். கொரிந்துவில் சிலைகளுக்குப் படைத்த இறைச்சி ஒரு விசுவாசியின் முன்னால் மூன்று இடங்களில் வந்தது: கோயில் பந்தியில், சந்தைக் கடையில், அவிசுவாசியான நண்பரின் வீட்டில். மூன்றுக்கும் பவுல் ஒரே பதிலைச் சொல்லவில்லை. கோயில் பந்தியில் உட்காராதே, அது ஆராதனையில் பங்கெடுப்பது என்கிறார். கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு என்கிறார் (10:25). ஒருவர் வீட்டுக்கு அழைத்தால், போக மனமிருந்தால் போய், முன்னால் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடு என்கிறார் (10:27). "இது படைக்கப்பட்டது" என்று யாராவது சொன்னால் மட்டும், சொன்னவருடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடு என்கிறார் (10:28).

உங்கள் அம்மாவின் சொம்பு 27க்கும் 28க்கும் நடுவில் நிற்கிறது. "அம்மனுக்கு ஊத்தினது, குடி, நல்லது நடக்கும்" என்று சொல்லிக் கொடுத்திருந்தால் மறுக்க இடமிருக்கிறது. "நீ வருவேன்னு எடுத்து வச்சேன்" என்று கொடுத்திருந்தால், அது ஒரு தாய் பிள்ளைக்கு வைத்த சாப்பாடு. எப்படிக் கொடுத்தார் என்று நீங்கள் எழுதவே இல்லை. அன்று கவனித்தீர்களா என்றே எனக்குச் சந்தேகம். குடிக்க மனச்சாட்சி இடம் தரவில்லை என்றால் குடிக்க வேண்டாம், ரோமர் 14 அதற்கு உங்களுக்கு முழு உரிமை தருகிறது. ஆனால் பெரியம்மா சித்தி எல்லாம் உட்கார்ந்திருக்கும்போது விளக்கவுரை நடத்தச் சொல்லி எந்த அதிகாரத்திலும் இல்லை.

அடுத்த ஆடிக்கு ஒரு நாள் முன்னதாகவே ஊருக்குப் போங்கள். "அம்மா, கோயிலுக்கு எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு சொம்பு தனியா எடுத்து வச்சிடு" என்று கேளுங்கள். அதே கேழ்வரகு, அதே அடுப்பு, அதே கை. பெரும்பாலான அம்மாக்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. அதற்கு முன்பாக, அன்று அங்கே இருந்த உறவினர்கள் முன்னாலேயே, பேசிய விதத்துக்காக அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். விசுவாசத்துக்காக மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆயுத பூஜை

தானியேல் 1ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள். ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தக்கூடாது என்று தீர்மானித்த அந்த வாலிபன், பந்திக்கு வராமல் காணாமல் போகவில்லை. பொறுப்பில் இருந்தவனிடம் போய் வேண்டிக்கொண்டான். அந்த ஆளுக்குத் தன் தலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது, அதையும் மதித்தான். "பத்துநாள்வரைக்கும் உமது அடியாரைச் சோதித்துப்பாரும்" என்று ஒரு வழியையும் அவனே சொன்னான்.

ஆயுத பூஜையில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. இயந்திரத்தைக் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டு, ஷாப் ஃப்ளோரைச் சுத்தம் செய்வது ஒன்று, பூஜை மற்றொன்று. முதலாவதை மற்றவர்களைவிட நன்றாகச் செய்யுங்கள். இரண்டாவதற்கு இரண்டு வாரம் முன்பே சூப்பர்வைசரைத் தனியாகப் பார்த்து, "சார், கிளீனிங் எல்லாம் முடிச்சுக் கொடுத்துடறேன். பூஜை நேரத்துல ஓரமா நின்னுக்கறேன், பொட்டு மட்டும் வச்சுக்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். ஓரமாக நிற்பதே பாவமாயிற்றே என்று உங்களுக்குத் தோன்றினால், இஸ்ரவேலின் தேவனை நம்பத் தொடங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமானை நினைத்துக்கொள்ளுங்கள். எஜமான் தன் கையைப் பிடித்துக்கொண்டு ரிம்மோன் கோயிலில் பணியும்போது தானும் குனிய வேண்டியிருக்குமே என்று அவன் கலங்கினான். தீர்க்கதரிசி எலிசா அவனுக்கு உபதேசம் செய்யவில்லை, சமாதானத்தோடே போ என்றுதான் சொன்னார் (2 இராஜாக்கள் 5:18, 19).

அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு தன்னைக் காப்பாற்றும் என்று எழுதியிருக்கிறீர்கள். மனச்சாட்சிச் சுதந்திரத்தை அது தருகிறது என்பது உண்மை. 1986இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில், தேசிய கீதம் பாட மறுத்ததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மூன்று கேரளப் பிள்ளைகளுக்கு உச்ச நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள். நீதிமன்றம் அதைக் குறிப்பிட்டே சொன்னது. உங்கள் விஷயம் வேறு. அது தனியார் நிறுவனம், உங்களுக்கு மெமோ வந்தது சொல்லாமல் நின்றதற்கு. அதற்கு எந்தப் பிரிவும் துணை வராது. மெமோவுக்கு வருத்தம் தெரிவித்துச் சுருக்கமாகப் பதில் எழுதிக் கொடுங்கள். அதில் வசனம் வேண்டாம்.

ஞாயிறு ஷிப்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்பதுதான் சட்டம், அது ஞாயிறாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கி.பி. 321இல் கான்ஸ்டன்டைன் ஆணை போடும்வரை ரோமப் பேரரசில் ஞாயிறு விடுமுறையே கிடையாது. அதுவரை சபை வேலைக்கு முன்னும் பின்னும் கூடி வளர்ந்தது. ஷிப்ட் மாற்றிக்கொள்ள முடிந்தால் மாற்றுங்கள். முடியாத வாரத்தில் வேறு நேரத்தில் கூடும் ஆராதனைக்குப் போங்கள். மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு வேலையை விடாதீர்கள்.

அப்பா

பெரியப்பாவுக்கு நீங்கள் சொன்ன வசனம்தான் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது. லூக்கா 9:60 உடனே ஊழியத்துக்கு வரும்படி அழைக்கப்பட்ட ஒருவனுக்குச் சொன்னது. அவனுடைய தகப்பன் அப்போது இறந்தே போகவில்லை, "அவர் காலம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று அவன் தள்ளிப்போட்டான் என்று கருதும் விளக்கவுரையாளர்கள் பலர். எப்படியானாலும், பெற்றோரின் அடக்கத்துக்குப் போகாதே என்ற சட்டம் அதில் இல்லை. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை "கொர்பான்" என்று சொல்லிக் காணிக்கையாக்கிவிட்டுத் தப்பித்தவர்களை இயேசு கடிந்துகொண்டது மாற்கு 7இல் இருக்கிறது. தேவனுடைய பெயரைச் சொல்லியே தாய் தகப்பனைக் கைவிடுகிற பழக்கம் பழையது, அவருக்குப் பிடிக்காதது.

ஆதியாகமம் 50ஐ இந்த வாரம் வாசியுங்கள். யாக்கோபு இறந்தபோது யோசேப்பு தகப்பன் முகத்தின்மேல் விழுந்து அழுதான். எகிப்திய வைத்தியர்களைக் கொண்டு சுகந்தவர்க்கமிட்டான்; அதற்கு 40 நாள். எகிப்தியர் 70 நாள் துக்கம் கொண்டாடினார்கள். அந்நிய தேசத்து மரபு அத்தனையும் சூழ்ந்திருக்க, தகப்பனுக்குக் கொடுத்த வாக்கின்படி கானானில் அடக்கம் செய்துவிட்டு வந்தான். மூத்த பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

சடங்குகளை மொத்தமாக ஒரே மூட்டையாகக் கட்டாமல் பிரித்துப் பாருங்கள். குளிப்பாட்டுவது, பாடை தூக்குவது, செலவை ஏற்பது, சுடுகாடுவரை முன்னால் நடப்பது, வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது எல்லாம் பிள்ளையின் கடமை, எதிலும் ஒதுங்காதீர்கள். உடலுக்கு நெருப்பு வைப்பதை ஆராதனை என்று என்னால் சொல்ல முடியவில்லை. யாபேஸ் கீலேயாத்தின் ஆட்கள் சவுலின் உடலையும் அவன் குமாரரின் உடல்களையும் சுட்டெரித்து எலும்புகளை அடக்கம் செய்ததை வேதம் பாராட்டாகவே பதிவு செய்கிறது (1 சாமுவேல் 31). பிண்டம் வைப்பதும் தர்ப்பணமும் வேறு. இறந்தவரை நோக்கிப் படைப்பது அது, அதில் நீங்கள் கலந்துகொள்ள முடியாது. கொள்ளியும் கூடாது என்று கருதும் போதகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, ஏனென்றால் பல ஊர்களில் கொள்ளியும் சடங்கும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. உங்கள் ஊரில் எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் பேச வேண்டிய இடம் சுடுகாடு இல்லை, பெரியப்பா வீட்டுத் திண்ணையும் இல்லை. உங்கள் அப்பா உயிரோடு இருக்கிறார். டயாலிசிஸ் ஒரு தடவைக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வேறு வேலை இல்லை. நீங்கள் வெறுக்கிற அந்த ஷிப்ட் சுழற்சி உங்களுக்கு வார நாளில் விடுமுறை தருகிறது. அதில் ஒரு முறையாவது தம்பிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு நீங்கள் கூட்டிப்போங்கள். இரண்டு மூன்று முறை போன பிறகு அப்பாவிடமே கேளுங்கள்: "எனக்கு இது இது முடியும்ப்பா, இது முடியாது. தம்பி கொள்ளி வச்சா உனக்குச் சம்மதமா?" தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் என்ற வழக்கத்தை மாற்றிக்கொண்ட குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு. அப்பா வாயால் சொல்லிவிட்டால் பெரியப்பா பேச மாட்டார். சொல்லாமல் போய்விட்டால் அந்தச் சண்டை உங்கள் மகள் காலம்வரை நடக்கும்.

நிலமும் கையெழுத்தும்

மதம் மாறினவனுக்குப் பங்கில்லை என்பது தவறு. மதம் மாறியதால் வாரிசுரிமை போகாது என்று 1850லேயே சட்டம் வந்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலும் மாறியவரே வாரிசாக முடியாது என்ற விதி இல்லை. அதன் 26ஆம் பிரிவைத்தான் யாரோ அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். மாறிய பிறகு பிறக்கும் பிள்ளைகள், இந்து உறவினரின் சொத்துக்கு நேரடியாக வாரிசாக முடியாது என்கிறது அது. உங்கள் மகள் தாத்தாவிடமிருந்து நேரடியாகப் பெற முடியாதே தவிர, உங்களுக்கு வந்த பங்கு உங்களிடமிருந்து அவளுக்குப் போகும். அப்பா சுயமாகச் சம்பாதித்த நிலம் என்றால் அவர் விரும்பியபடி உயில் எழுதலாம், அது மதத்தோடு சம்பந்தமில்லாத விஷயம். பத்திரங்களோடு ஒரு சிவில் வக்கீலை நேரில் பாருங்கள்.

விட்டுக்கொடுப்பதுதான் சாட்சி இல்லையா என்று கேட்கிறீர்கள். அப்பாவை இத்தனை நாள் பார்த்துக்கொண்ட தம்பிக்கு அன்பாகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க நினைத்தால் கொடுங்கள், நல்ல காரியம். ஆனால் பொய்யான சட்டத்துக்குப் பயந்து, மனைவியைக் கேட்காமல், அம்மாவின் பிற்காலத்துக்கு வழி பார்க்காமல் போடும் கையெழுத்துக்குத் தியாகம் என்று பெயர் வைக்காதீர்கள். பதிவான விடுதலைப் பத்திரத்தைப் பிறகு ரத்து செய்வது லேசில்லை. தம்பியின் கோபத்தில் பாதி நிலத்தைப் பற்றியது என்றும் எனக்குத் தோன்றவில்லை. வாரம் இரண்டு முறை பைக்கில் அப்பாவை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு, ஓசூரிலிருந்து வசனம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

போதகர்

உபதேசத்தைச் சோதித்துப் பார்ப்பது உங்கள் உரிமை, பெரோயா பட்டணத்தார் அதற்காகப் பாராட்டப்பட்டார்கள் (அப்போஸ்தலர் 17:11). எதைச் சோதிப்பது என்பதில் தெளிவு வேண்டும். கிறிஸ்து தேவனும் மனிதனுமானவர், நம் பாவங்களுக்காக மரித்து உயிர்த்தார், கிருபையினாலே இரட்சிப்பு என்பவற்றை உங்கள் போதகர் மறுக்கிறாரா? காணிக்கை கொடுத்தால் சுகம் என்று விற்கிறாரா? மாத்திரையை நிறுத்தச் சொல்கிறாரா? சபைக் கணக்கைக் காட்ட மறுக்கிறாரா? இவற்றில் எதற்காவது ஆம் என்றால் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள், நானே உங்களுக்கு வேறு சபை பார்த்துத் தருகிறேன். நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையும், ஆசீர்வாதத்தைப் பற்றியே அதிகம் பேசுவதும்தான். அது குறைதான், கள்ளப் போதகம் ஆகாது. அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று இரவே பஸ் ஏறி வந்து ஜெபித்தவர் அவர் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

அப்பொல்லோவின் போதனையில் குறை இருந்தபோது ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ஜெப ஆலயத்தில் எழுந்து நின்று மறுத்துப் பேசவில்லை, அவனைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு விவரித்துச் சொன்னார்கள் (அப்போஸ்தலர் 18:26). நீங்களும் போதகரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். குழுவில் எழுதியதற்கு வருத்தம் சொல்லிவிட்டு, "ஐயா, தீத்து நிருபத்தைத் தொடர்ச்சியாக எடுத்துப் பேசுவீர்களா?" என்று கேளுங்கள். அதன் இரண்டாம் அதிகாரம் "ஆரோக்கியமான உபதேசத்துக்கேற்றவைகளைப் பேசு" என்று தொடங்கி, நேராக வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது: முதிர்வயதுள்ளவர்கள், இளம் பெண்கள், பாலிய புருஷர், எஜமானுக்குக் கீழ் வேலை செய்கிறவர்கள். எதிர்த்துப் பேசாமல், திருடாமல், நல்லுண்மையாக வேலை செய்கிற அடிமை தேவனுடைய உபதேசத்தை அலங்கரிக்கிறான் என்கிறார் பவுல். அடிமையின் வேலைக்கு அவ்வளவு மதிப்பு என்றால், சிப்காட்டில் நீங்கள் அளவு பிசகாமல் எடுத்துக் கொடுக்கும் ஒவ்வொரு ஜாபுக்கும் அதே மதிப்பு உண்டு.

சபை மாறுவதைப் பற்றி இன்னும் ஒன்று. அந்தச் சபையில் பிறந்து வளர்ந்தவர் உங்கள் மனைவி. "நான் விலகத் தீர்மானித்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் கேட்டீர்களா என்று எழுதவில்லை. கேளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை வசனம் எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு மறுபடி எழுதுங்கள்.